வராத காருக்கு ஒரு காவலாளி

டிரைவர் கேட்டது ஒரு கிளட்ச் பிளேட். அறக்கட்டளை கொடுத்தது ஒரு குழு.

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுவதுதான் முறை. சிறுநீரக நோயாளிகளுக்கான அந்த அறக்கட்டளை மருத்துவமனையில் ஒரு வேன் இருந்தது. வயது பதினெட்டு. திங்கள், புதன், வெள்ளி என்று வாரத்தில் மூன்று நாள், ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஏழு பேரை ஏற்றிக்கொண்டு வரும். நான்கு மணி நேரம் டயாலிசிஸ் இயந்திரத்தில் அவர்கள் ரத்தம் சுத்தமாகும். பிறகு திரும்பக் கொண்டுபோய் அவரவர் வாசலில் இறக்கும். பஸ் போகாத ஊர்கள் அவை. ஒரு நாள் தவறினால் கால் வீங்கும். இரண்டு நாள் தவறினால் மூச்சு வாங்கும். மூன்றாவது நாளைப் பற்றி அந்த வேனில் யாரும் பேசுவதில்லை.

ஏழு பேரில் ஒருத்தி டிரைவரின் சொந்த அக்கா. முன் சீட்டு அவளுக்கு. உடம்பில் தெம்பு போனாலும் வாயில் போகவில்லை.

"இந்த வேனும் நானும் ஒரே கேஸ்தான்டா தம்பி. ரெண்டு பேருக்கும் வடிகட்டி போயிடுச்சு. என்ன, எனக்குப் பக்கத்துல நர்ஸ் இருக்கா. இதுக்கு நீதான் இருக்கே, பாவம்."

பின்சீட்டிலிருந்து ரிட்டயர்டு தபால்காரர் குரல் கொடுப்பார். "வேனைச் சொல்லாதேம்மா, அது இன்னும் ஓடுது. நம்மளைத்தான் தூக்கி ஏத்தறாங்க."

கிளட்ச் தேய்ந்து, மேட்டில் வேன் மூச்சுத் திணற ஆரம்பித்ததும் டிரைவர் ஒரு கடிதம் எழுதினான். இரண்டே வாக்கியம். 'கிளட்ச் பிளேட் மாற்றித் தரவும். முடியாவிட்டால் வேறு வண்டி வாங்கித் தரவும்.' அந்த இரண்டாவது வாக்கியத்தை எழுதாமல் இருந்திருக்கலாம். வாயைக் கொடுத்து வம்பை வாங்குகிறவர்கள் உண்டு. இவன் கடிதம் கொடுத்து வாங்கினான்.

கடிதம் செயலாளர் மேசைக்குப் போய், அங்கிருந்து தலைவர் மேசைக்குப் போனது. அந்த வாரம்தான் தலைவர் ஒரு பத்திரிகையில் புதிதாக வரப்போகும் ஹைபிரிட் காரின் படத்தைப் பார்த்திருந்தார். பெட்ரோலிலும் ஓடும், பேட்டரியிலும் ஓடும். எட்டுப் பேர் உட்காரலாம். அடுத்த வருடம் வரும். படத்தை வெட்டி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தார்.

"தம்பி, ஒரு வண்டி வேணும்னா நாளைக்கே வாங்கிடலாம்," என்றார் தலைவர். "கடையில நிக்குது. ஆனா அடுத்த வருஷம் ஹைபிரிட் வரும்போது அதோட முகத்துல எப்படி முழிக்கிறது?"

"ஐயா, இப்போதைக்குக் கிளட்ச் மட்டும்…"

"காத்திருக்கறது புத்திசாலித்தனமா, இல்லையா? அதை நீயும் நானும் முடிவு பண்ண முடியாது. அதுக்கு ஒரு முறை இருக்கு."

முறைப்படி 'புதிய ஹைபிரிட் வாகனத்திற்காகக் காத்திருப்பது தகுமா என ஆராயும் உயர்நிலைக் குழு' அமைந்தது. வார்டு ஊழியர்கள் அதைச் சுருக்கி 'காத்திருக்கலாமா குழு' என்றார்கள். தலைவர், செயலாளர், வெளியிலிருந்து வரவழைத்த ஒரு ஆலோசகர். ஆலோசகர் எதற்கும் இல்லை என்று சொல்லாதவர். ஆமாம் என்றும் சொன்னதில்லை. 'சுவாரசியமான கோணம்' என்று மட்டும் சொல்வார். டிரைவரை நான்காவது நாற்காலியில், பயனாளர் பிரதிநிதி என்று உட்காரவைத்தார்கள். இரண்டாம் கூட்டத்திலேயே, அவனுடைய அக்காவே அந்த வேனில் வருகிறாள் என்று கண்டுபிடித்துவிட்டார் செயலாளர்.

"அப்போ உங்களுக்கு இதுல சொந்த ஆர்வம் இருக்கு," என்றார்.

"எங்கக்கா உயிரோட இருக்கணும்கற ஆர்வம்தாங்க."

"அதைத்தான் சொல்றேன். பாரபட்சம். இனிமே நீங்க பேசக்கூடாது. கையெழுத்து மட்டும் போடலாம்."

குழுவுக்கு உட்கார இடம் வேண்டும். மாடி அறைகளில் வெளிச்சம் போதாது. நோயாளிகள் தங்கள் முறை வரும்வரை உட்காரும் அறையில் நல்ல வெளிச்சம், காற்றாடி, பன்னிரண்டு மெத்தை நாற்காலி. அதை எடுத்துக்கொண்டார்கள். கதவில் 'காத்திருப்போர் அறை' என்ற பலகை இருந்தது. மாற்ற அவசியம் ஏற்படவில்லை. நோயாளிகள் மாடிப்படியில் உட்கார்ந்தார்கள். தபால்காரர் ஏழாவது படி. அக்கா மூன்றாவது படி. அதற்குமேல் அவளால் ஏற முடியாது.

முதல் வேலையாகக் குழு ஒரு நடுநிலை விதியை நிறைவேற்றியது. தலைவர் அதை எழுந்து நின்று வாசித்தார்.

"முடிவு எட்டப்படும் வரை, முடிவைப் பாதிக்கக்கூடிய எதையும் எவரும் செய்யலாகாது. பழைய வேனைப் பழுது பார்த்தால், காத்திருக்கலாம் என்ற தரப்புக்கு அது சாதகம். பழைய வேனை நிறுத்திவிட்டால், காத்திருக்க வேண்டாம் என்ற தரப்புக்கு அது சாதகம். ஆகவே வேன் இன்றைய நிலையிலேயே இருந்து வரவேண்டும்."

பேசக்கூடாது என்பதை மறந்து டிரைவர் எழுந்தான். "இன்னிக்கு இருக்கற நிலையில அது நாளைக்கு இருக்காதுங்களே ஐயா. ஓட ஓடத் தேயும்."

"தேய்வது இயற்கை," என்றார் தலைவர். "இயற்கையில் குழு தலையிடாது."

"சுவாரசியமான கோணம்," என்றார் ஆலோசகர்.

கிளட்சோடு போயிருந்தால் பரவாயில்லை. நடுநிலை விதிப்படி டயருக்குக் காற்றும் கிடையாது. காற்றடிப்பது பராமரிப்பில் சேருமா, இயக்கத்தில் சேருமா என்று ஒரு கூட்டம் முழுக்கப் பேசினார்கள். டிரைவர் சைக்கிள் பம்பை வீட்டிலிருந்து கொண்டுவந்து, ஆள் பார்க்காத நேரத்தில் அடித்தான். திருடனுக்குத் தேள் கொட்டியது போல, பெருமூச்சுகூட விடமுடியாமல் குனிந்து குனிந்து அடித்தான்.

மூன்றாம் மாதம், வரப்போகிற காருக்கு இடம் ஒதுக்கினார்கள். வாசலை ஒட்டிய கூரையுள்ள இடம், வேன் நிற்கும் இடம். அதற்குப் பச்சை வண்ணம் அடித்து, நான்கு மூலையிலும் கம்பம் நட்டு, சங்கிலி கட்டினார்கள். வேனைத் தெருக்கோடியில் நிறுத்தச் சொன்னார்கள். டயாலிசிஸ் முடிந்து, உடம்பில் உள்ள சத்தெல்லாம் வடிந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் அதுவரை இருநூறு அடி வெயிலில் நடந்தார்கள். பச்சைத் தளத்தில் குறுக்கே நடந்தால் பாதி தூரம். ஆனால் அங்கே ஒரு காவலாளியைப் போட்டிருந்தார்கள். முதியவர். நல்ல மனிதர். கையில் ஒரு பதிவேடு. மணிக்கொரு முறை அதில் எழுதுவார்: 'கார் வரவில்லை.'

"என்னண்ணே, யாரும் திருடிட்டுப் போயிடலையே?" என்று அக்கா கேட்பாள்.

"சும்மா இரும்மா. மேல எழுதிப் போட்டுடுவாங்க," என்பார் அவர், கண்ணைத் தாழ்த்திக்கொண்டு.

பிறகு சார்ஜ் போடும் கம்பம் வந்தது. ஆள் உயரம். அதில் ஒரு நீல விளக்கு. ஒயர் இழுக்க வந்த மெக்கானிக் படத்தைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"சார், இந்த மாடலுக்கு சார்ஜ் போட ஓட்டையே கிடையாது. ஓடும்போது அதுவாவே சார்ஜ் ஏத்திக்கும். இந்தக் கம்பம் எதுக்கு?"

குழு அரை மணி நேரம் தனியாகப் பேசியது. செயலாளர் வெளியே வந்து பதில் சொன்னார். "தேவைப்படும்போது வைக்கறது சாதாரண நிர்வாகம். தேவைப்படாதபோதே வைக்கறதுதான் தொலைநோக்கு."

கம்பம் நின்றது. விளக்கு எரிந்தது. தலைவர் அதைத் திறந்துவைத்துப் பேசியபோது, படியில் உட்கார்ந்திருந்த தையல்காரம்மாவுக்கு வாந்தி வந்தது. பேச்சு முடியும்வரை அடக்கிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டார்கள்.

அடுத்து, பயிற்சி. ஹைபிரிட் சத்தமில்லாமல் ஓடும்; சத்தத்தில் பழகிய டிரைவர் அதைத் தாங்குவானா என்று ஆலோசகருக்குச் சந்தேகம். ஆகவே புதன்கிழமைதோறும் டிரைவரை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, கையில் வெறும் ஸ்டியரிங்கைக் கொடுத்து, 'அமைதியை உணருங்கள்' என்றார்கள். அமைதி நன்றாகவே இருந்தது. புதன்கிழமைகளில் வேன் ஓடவில்லை அல்லவா?

"நான் போகணும் சார். ஏழு பேர் வாசல்ல உக்காந்திருப்பாங்க."

"அவங்களும் காத்திருக்கப் பழகணும் இல்ல?" என்றார் ஆலோசகர். ஆறு மாதத்தில் அவர் சொன்ன ஒரே தெளிவான வாக்கியம் அது.

டிரைவர் புதன்கிழமை முறைக்கு ஏழு பேரையும் வியாழக்கிழமை கூட்டிவந்தான். நர்ஸ் தன் விடுமுறையை விட்டுக்கொடுத்து இயந்திரத்தைப் போட்டாள். அது சட்டப்படி குற்றம் என்று எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதன்பிறகு வாரத்துக்கு இரண்டு நாள்தான். அக்காவின் செருப்பு பத்தவில்லை. தம்பியின் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தாள்.

இந்த இடத்தில்தான் அறக்கட்டளைக்கு விருது கிடைத்தது.

கேட்பவர்கள் நம்பமாட்டார்கள், ஆனாலும் நடந்தது இதுதான். வேன் மூன்று நாள் ஓடியது இரண்டு நாளானதும் டீசல் செலவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. செயலாளர் அதைப் படமாக வரைந்து, கீழே இறங்கும் கோட்டுக்குப் பச்சை மை போட்டு, 'ஹைபிரிட் திட்டத்தின் முதற்பலன்' என்று தலைப்பிட்டு மேலிடத்துக்கு அனுப்பினார். மேலிடம் மகிழ்ந்தது. எரிபொருள் சிக்கனத்துக்கான கேடயம் வந்தது. தலைவர் அதைக் கையில் ஏந்திப் பேசினார்:

"மற்றவர்கள் ஹைபிரிட்டை வாங்கி எரிபொருளை மிச்சம் செய்தார்கள். நாம் வாங்காமலேயே மிச்சம் செய்திருக்கிறோம்! ஒரு வாகனம் வருவதற்கு முன்பே இவ்வளவு பயன் தருமென்றால், அது வந்தபின் எவ்வளவு தரும் என்பதை எண்ணிப் பாருங்கள். ஆகையால் அவசரப்பட்டு அதை வரவழைத்துவிடக் கூடாது."

கைதட்டினார்கள். டிரைவரின் கை மடியிலேயே கிடந்தது. பக்கத்தில் இருந்த செயலாளர் அவன் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், குறிப்பேட்டில் ஏதோ எழுதினார்.

எட்டாம் மாதம், ஒரு திங்கட்கிழமை காலை, பாலத்தின் நடுவில் கிளட்ச் மொத்தமாகப் போனது. டிரைவர் செயலாளருக்குப் போன் போட்டான்.

"இழுத்துட்டு வர ஒரு வண்டி அனுப்புங்க சார். ஏழு பேரும் உள்ள இருக்காங்க."

"வேனை நகர்த்தினா அது நிலை மாற்றம் இல்லையா? வெள்ளிக்கிழமை கூட்டத்துல வைக்கிறேன்."

சரக்கு லாரி ஒன்று நின்றது. முன்னால் மூன்று பேருக்கு இடம். பின்னால் சிமெண்ட் மூட்டை மேல் இன்னும் மூன்று பேரை ஏற்றிக்கொண்டார்கள். ஏழாவது ஆளுக்கு இடமில்லை. தபால்காரர் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"நீங்க போங்க. முப்பத்தஞ்சு வருஷம் அடுத்தவங்க வாசல்ல நின்னவன் நான். எனக்கு நிக்கறது புதுசா?"

அன்று அவரை ஏற்ற வேறு வண்டி வரவில்லை. புதன்கிழமை வழக்கம்போல யாருக்கும் வண்டி இல்லை. வாடகைக் கார்க்காரர்கள் ஆற்றைத் தாண்ட மாட்டோம் என்றார்கள். ஆம்புலன்ஸுக்குச் சொன்னால், 'நடக்கறாரா? அப்போ அவசரமில்லை' என்றார்கள். வியாழக்கிழமை விடியும்போது தபால்காரர் நடக்கவில்லை. ஆம்புலன்ஸ் வந்தது. தேவைப்படவில்லை.

வெள்ளிக்கிழமை டிரைவர் அக்காவைப் பக்கத்து வீட்டு மோட்டார் சைக்கிளில் ஏற்றி, துண்டால் தன் முதுகோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு கிளம்பினான். பாலத்துக்கு வருமுன் அவள் தலை அவன் தோளில் துவண்டு விழுந்தது. திரும்பக் கொண்டுபோய்க் கட்டிலில் கிடத்தினான்.

"விடுடா," என்றாள். "திங்கக்கிழமை பாத்துக்கலாம்." கால் இரண்டும் தலையணை மாதிரி இருந்தன. பேச்சுக்குப் பேச்சு மூச்சு வாங்கியது. போனதைக் கணக்குப் பார்த்தான்: புதன், வெள்ளி, இரண்டு நாள் தவறிவிட்டது.

அதே சட்டையோடு கூட்டத்துக்குப் போனான். தபால்காரருக்காக எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌனம் என்றார்கள். செயலாளர் கடிகாரத்தைப் பார்த்து நாற்பது விநாடியில் முடித்துவைத்தார். பிறகு அறிக்கையை வாசித்தார்.

"'பயணிகளின் எண்ணிக்கை ஏழிலிருந்து ஆறாகக் குறைந்திருப்பதைக் குழு வருத்தத்துடனும், திட்டமிடல் நோக்கில் கவனத்துடனும் பதிவு செய்கிறது. ஆறு பேருக்கு எட்டு இருக்கை வண்டி ஆடம்பரம். இதைவிடச் சிறிய ஹைபிரிட் மாடல் இன்னும் ஒன்றரை வருடத்தில் வெளிவரும் என்று அறிகிறோம். அதற்குக் காத்திருப்பது தகுமா என ஆராய, இக்குழுவின் காலத்தை நீட்டிப்பது.' பயனாளர் பிரதிநிதி, இங்க ஒரு கையெழுத்து."

டிரைவர் பேனாவை வாங்கினான். காகிதத்தைப் பார்த்தான். ஏழை அடித்து ஆறு என்று போட்டிருந்த இடத்தில் மை இன்னும் காயவில்லை.

"ஐயா, ஒண்ணு கேக்கலாமா? இன்னும் நாலு பேர் போயிட்டா ஸ்கூட்டரே போதும்னு எழுதுவீங்களா?"

ஆலோசகர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சுவாரசியமான கோணம். ஹைபிரிட் ஸ்கூட்டர்கூட வரப்போகுதாம்." சொல்லிக்கொண்டே குறித்தும் வைத்துக்கொண்டார்.

பேனாவை மூடி மேசைமேல் வைத்துவிட்டு டிரைவர் எழுந்துபோனான். கையெழுத்து இல்லாததால் தீர்மானம் செல்லாது என்று செயலாளர் கத்தினார். பிறகு பார்த்தால், விதியில் அப்படி ஒன்றும் இல்லை. செல்லும்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அவனைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். வேலையைவிட்டு நீக்கத்தான் என்று நினைத்துப் போனான். தலைவரின் சொந்த டிரைவர் லீவு; நகரத்தில் கார் கண்காட்சி; அந்தச் சிறிய ஹைபிரிட்டின் மாதிரியைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள்; குழு நேரில் போய்ப் பார்க்க வேண்டும். தலைவரின் கறுப்புக் காரின் சாவியை அவன் கையில் கொடுத்தார்கள். ஏழு சீட் வண்டி. கதவைச் சாத்தினால் தெருவின் சத்தம் கேட்காது.

நகரத்துக்கு வலது பக்கம் திரும்ப வேண்டும். டிரைவர் இடது பக்கம் திரும்பினான்.

"இது எந்த வழி?" என்றார் தலைவர்.

"ஆத்துக்குப் போற வழிங்க."

"கண்காட்சி அந்தப் பக்கமில்லையே!"

"இல்லைங்க. எங்கக்கா அந்தப் பக்கம்."

பாலத்தில் பழைய வேன் அப்படியே நின்றது. நிலை மாறாமல். அதைத் தாண்டி, அந்தக் கரை முக்கில் காரை நிறுத்தினான். இறங்கி, மூன்று கதவையும் திறந்துவிட்டான்.

"இறங்குங்க ஐயா. ஆறு பேர் ஏறணும். என்னோட ஏழு. சரியா இருக்கும்."

தலைவர் இறங்கவில்லை. பேசினார். "நீ செய்வது என்னவென்று உனக்குத் தெரிகிறதா? இது முறையா? ஒரு நிறுவனம் என்பது முறைகளால் ஆனது. இன்று நீ ஆறு பேரைக் காப்பாற்றலாம். ஆனால் முறையை யார் காப்பாற்றுவது?"

டிரைவர் இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துக்கொண்டு, வெயிலில் நின்றான். ஏசி நின்றதும் ஐந்து நிமிடத்தில் உள்ளே அடுப்பானது. முதலில் ஆலோசகர் இறங்கினார். பிறகு செயலாளர். கடைசியில் தலைவர், செருப்பில் புழுதி படாமல் இறங்க முயன்று, முடியாமல் இறங்கினார்.

"நாங்க எப்படிப் போறது?" என்றார் செயலாளர்.

"வண்டி வரும் சார். எது நல்லதோ பாத்து ஏறுங்க. அவசரப்பட்டு கிடைச்சதுல ஏறிடாதீங்க."

கண்ணாடியில் பார்த்தபோது மூன்று பேரும் ஒரு வேலியின் நிழலில் ஒதுங்கி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். செயலாளர் குறிப்பேட்டைத் திறந்திருந்தார். மூன்று பேர் இருந்ததால் கூட்டம் நடத்தலாம்.

ஐந்து வாசலில் நிறுத்தி ஐந்து பேரை ஏற்றினான். கடைசியாக அக்கா. தூக்கித்தான் ஏற்ற வேண்டியிருந்தது. முன் சீட்டில் சாய்த்து, பெல்ட் போட்டுவிட்டான். உதடு நீலம் பாரித்திருந்தது. நெற்றியில் வேர்வை வழிந்தது.

"யாரு காருடா இது?"

"பேசாத. மூச்சைப் பிடிச்சு வெச்சுக்கோ."

"துடைக்க ஏதாவது குடு."

பின்னாலிருந்து கை நீட்டி, தையல்காரம்மா டாஷ்போர்டுப் பெட்டியைத் திறந்தாள். டிஷ்யூ இல்லை. வண்டியின் காகிதங்கள் ஒரு பிளாஸ்டிக் உறையில் இருந்தன. அவள் உறையை உருவி அக்காவுக்கு விசிறினாள். விசிறிக்கொண்டே வந்தவள், பாலத்தின்மேல் வண்டி ஏறும்போது கையை நிறுத்தினாள். உறைக்குள் தெரிந்த முதல் தாளை மெதுவாக, எழுத்துக் கூட்டுவதுபோல் வாசித்தாள்.

"'வாகனம் வாங்க அனுமதி. ஏழு இருக்கை. நோக்கம்: ஆற்றுக்கு அப்பால் வசிக்கும் சிறுநீரக நோயாளிகளை அழைத்து வர.'"

"தேதி?" என்றாள் அக்கா, கண்ணைத் திறக்காமல்.

"நாலு வருஷத்துக்கு முன்னாடி. ஒரே நாள்ல கேட்டு, ஒரே நாள்ல குடுத்திருக்காங்க. கீழ தலைவர் கையெழுத்து."

டிரைவரின் போன் அடித்தது. அவன் பார்க்கவில்லை. அக்காவின் மூச்சு மட்டும் காருக்குள் இழுத்து இழுத்துக் கேட்டது. அவன் பாலத்தை விட்டிறங்கி, ஆஸ்பத்திரி ரோட்டில் வண்டியை விரட்டினான்.

"அந்தத் தாளை மடிக்காம பத்திரமா வைங்கம்மா," என்றான். "புதன்கிழமையும் இதுலதான் வரப்போறோம்."